எட்டு நொடி

சோமனூர் தாண்டி இடப்பக்கம் திரும்பினால்
மில் கண்ணில் படுமுன்பே
பஞ்சு வந்து முகத்தில் ஒட்டும்.
சரவணம்பட்டியிலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர்.
சர்வர் மூர்ச்சையாகும்போதெல்லாம்
ஸ்கூட்டரில் வந்து
ஒரு பொத்தானை ஐந்து நொடி அழுத்திவிட்டுத்
திரும்பிப் போயிருக்கிறேன், மழையிலும்.

வர முடியாத இரவுகளில்
வாட்ச்மேன் ராக்கியண்ணன்தான் என் விரல்.
"அம்மிணி, எதை அமுக்கோணுங்க, நீலமா பச்சையா?"
ஒருமுறை ஏசியை அணைத்தார்.
ஒருமுறை, சர்வரைத் தவிர எல்லாவற்றையும்.

பெட்டிக்குள் ஒரு சின்னச் சில்லு உண்டு.
பெட்டி செத்துக் கிடந்தாலும்
பிளக்கில் கசியும் மின்சாரத்தைக் குடித்துக்
கண் திறந்திருக்கும்.
எழுப்பும், அணைக்கும்,
விசிறி எத்தனை சுற்று, உள்ளே எத்தனை சூடு,
கேட்டால் சொல்லும்.
ஆறு வருடமாய் யாரும் கேட்கவில்லை.

அதற்கென்று பின்புறம் தனித் துளை இருக்கிறது.
தனி ஒயர் வேண்டும், ஸ்விட்சில் ஓர் இடம் வேண்டும்.
முதலாளி எட்டிப் பார்த்தார்,
இருபத்து நாலும் நிறைந்திருந்தது.
"புதுசு எதுக்குங்க அம்மிணி,
இருக்கற ஒயர்லயே ரெண்டும் போகாதுங்களா?"

போகும்.

மானிட்டரைக் கட்டி, கீபோர்டைச் செருகி,
எஃப் இரண்டைத் தட்டி
நீலத் திரைக்குள் இறங்கினேன்.
'தனி' என்றிருந்ததைப் 'பகிர்வு' ஆக்கினேன்.
முதல் துளை. மாறாத முகவரி.
வி-லேன் எண் நாற்பது
(மில் ஓட்டுவதும் நாற்பதாம் நம்பர் நூல், மறக்காது).
பிறந்தபோது வைத்த கடவுச்சொல்லை மாற்றினேன்.

இனி ஒரே செம்பில் இரண்டு பேர்.
கடைசி எழுத்தில் மட்டும் வேறுபடும் பெயர்கள்.
இரட்டை முறுக்கு நூலைப் பற்றி
இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சேமித்தேன்.
பதினொன்று நாலுக்கு பில்லிங் நின்றது.

எடைமேடையில் இச்சல்கரஞ்சி போகும் லாரி.
ஹாரன். மறுபடி ஹாரன்.
அக்கவுண்ட்ஸ் கருணாம்பிகை எழுந்து நின்று
என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல்.
சொல்லியிருக்கலாம்.

ஸ்விட்சில் காவல் வைத்தவள் நானே,
போன தீபாவளிக்கு முன்பு:
ஒரு துளைக்கு ஒரு பெயர்,
இரண்டாவது முகம் தெரிந்தால் கதவைச் சாத்து.
சாத்தியிருந்தது. உத்தமமான ஸ்விட்ச்.

'இரண்டு' என்று திருத்தினேன்.
நாற்பதையும் அந்த வழியே விடச் சொன்னேன்.
லாரி போயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் சர்வரை முழுதாய் அணைத்தேன்.
விசிறிகள் இறங்கி இறங்கி ஓய்ந்தன.
லேப்டாப்பில் மட்டும்
பதில், பதில், பதில்.

எழுப்பினேன்.
துளையின் விளக்கு அணைந்தது.
பெரியது விழிக்கையில் கையை உதறிக்கொள்கிறது,
கூடவே சின்னதின் குரலும் அறுகிறது.
கையேட்டில் இதற்கு ஒரு வரி, பொடி எழுத்தில்.
எண்ணினேன். எட்டு நொடி
அங்கே யாரும் இல்லை.

தனித் துளை என்றால் இது இருக்காது என்றேன்.
"எட்டு நொடிதானுங்களே."
கணக்கு நோட்டைப் புரட்டியபடி,
"அப்ப, பெட்ரோல் காசு இனி வேண்டியதில்லீங்களே?"

ஆடிக் காற்றில் ஓர் இரவு, மணி ஒன்றரை.
கரண்ட் போய் வந்தது.
சில்லு தெளிய இரண்டு நிமிடம் விட்டு,
பாயில் உட்கார்ந்தபடியே மில்லுக்குள் போய்
'இயக்கு' என்றேன்.
பதில், பதில்,
பிறகு இல்லை.
ஒன்று. இரண்டு.
மூன்றில் கைப்பேசி அடித்தது.

"அம்மிணி, நான் ஒண்ணுந் தொடலீங்க,
அதுவா எந்திரிச்சுருச்சுங்க.
லைட்டு போயிருச்சு... இருங்க, வெக்காதீங்க,
பாத்துச் சொல்றேன்."

அவர் மூச்சுக்குப் பின்னால்
விசிறிகள் ஏறும் சத்தம்.
நான் எட்டு என்னுமுன்
"பச்சைங்க" என்றார்.