எட்டாம் கட்டம்

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி தனக்குத் தானே மூடி போட்டுக்கொண்டுவிட்டது.
மருத்துவமனை என்னை ஆறு மாதத்துக்கு
மாவட்டச் சுகாதாரத் துறைக்குக் கடன் கொடுத்திருக்கிறது.
மேசைக்கு இடப்புறம் நாய்க்கடிப் பதிவேடு,
வலப்புறம் உணவகச் சமையலறைகளின் குற்றப்பட்டியல்.
முதல் நாள் ஸ்டெதஸ்கோப்போடு வந்தேன்.
இரண்டாம் நாள், யாரும் ஒன்றும் சொல்லாமலே,
அதைக் காரின் பின்சீட்டில் விட்டுவிட்டேன்.

இங்கே நாடி பார்ப்பது தொலைபேசியில்.
‘நான் டாக்டர் ஐலா நியெமி பேசுகிறேன்’ என்றால்
பாதிப் பேர் வைத்துவிடுகிறார்கள்.
டாக்டரை எடுத்துவிட்டேன்.
பேச ஆரம்பித்தார்கள்.

கணவர் இறந்த பதினோராம் நாள் ஒருத்தி,
அவர் கடைசியாகப் போய்வந்த இடங்களை
மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல் சொல்லிக்கொண்டே வந்து
ஒரு தேவாலயப் பியானோவில் நின்றுபோனாள்.
மறுமுனையில் பனி அள்ளும் வண்டி
தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போயிற்று.
பேனாவைக் கீழே வைத்துக் காத்திருந்தேன்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

ஐந்து நிமோனியா. ஐந்தும் லெஜியோனெல்லா.
லாரி ஓட்டுநர், ஹாக்கி ஆடும் பையனின் அப்பா,
பனிக்கட்டியில் துளையிட்டு மீன்பிடிக்க வந்த அண்ணன் தம்பி,
பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்.
ஒருவரை ஒருவர் கண்டதில்லை.
ரோஸ்கோவும் நானும் சுவரில் காகிதம் ஒட்டிக் கோடு இழுத்தோம்.
ரோஸ்கோ இதற்கு முன் வரிபாக்கி வசூலித்தவன்.
பொய் சொல்பவர்களை அவனுக்குப் பிடிக்கும்:
‘உண்மையை ஏற்கெனவே யோசித்து வைத்திருப்பார்கள், பாதி வேலை முடிந்தது.’

கோடுகள் எல்லாம்
ஒரு மோட்டலின் வெந்நீர்த் தொட்டியில் போய் விழுந்தன.

பிறகுதான் பழைய கோப்பில் அந்த ஃபேக்ஸ்.
டிசம்பர். ரூடி போப்ரே, வயது அறுபத்தொன்று.
ஆறாம் கட்டம், தொழில்: காலி.
ஏழு, சளி மாதிரி: அனுப்பவில்லை.
எட்டு, நோய் வருமுன் பதினான்கு நாளில் தங்கிய இடங்கள்: காலி.
கீழே கையெழுத்து.
அந்த வளைந்த ‘ஐ’யை எனக்குத் தெரியும்.

விடிகாலை மூன்று மணி அது.
சிறுநீர்ச் சோதனை பெயரைச் சொல்லிவிட்டது,
மருந்து ஏறிக்கொண்டிருந்தது, எனக்குத் தூக்கம் வந்தது.
நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் அவர் சொன்னார்:
‘முதுகுக்கு அந்த மோட்டல் தொட்டிதான் மருந்து, டாக்டர்.’
நான் சிரித்தேன்.
முதுகுவலி என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

சளி மாதிரி அவருக்குத் தேவைப்படவில்லை,
அவர் பிழைத்துக்கொண்டார்.
தேவைப்பட்டது பியானோக்காரருக்கு.
அன்று அவருக்கு இருமல்கூட இல்லை.

ரோஸ்கோ படிவத்தைப் பார்த்தான்,
கையெழுத்தைப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை.
‘ஆறாவது கோடு. டிசம்பர் என்று எழுது’ என்று
ஸ்கெட்ச் பேனாவை நீட்டினான்.

மோட்டல்காரர் கிளெட்டஸ் கத்தவில்லை.
‘சனிக்கிழமை பதினெட்டு அறை, ஹாக்கிப் பிள்ளைகள்’ என்றார்.
பிறகு, ‘வடிகட்டியை நான்தான் கழுவுவேன்’ என்றார்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் அதிகாரம் மொத்தமும் ஒரு தாள்.
குளிரில் டேப் ஒட்டவில்லை.
கையுறையைக் கழற்றி
உள்ளங்கையால் கதவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
அது பிடிக்கும்வரை.
கண்ணாடிக்கு உள்ளே, யாருமில்லாமல், ஆவி.

இரவு ஒன்பதரைக்கு ஏழாவது பெயர்.
வார்டுக்கு அழைத்தேன்.
‘மருந்து ஆரம்பித்துவிட்டோமே, வேறென்ன வேண்டும்?’
குரலில் மூன்று நாள் தூக்கம் பாக்கி.
‘சளி.’
‘எதற்கு? அவர் தேறிவருகிறார்.’
எங்கோ மானிட்டர் ஒன்று அலறி ஓய்ந்தது.
எனக்குப் பதில் தெரியும், அது நீளமானது,
அவனுக்கோ இன்னும் பதினான்கு நோயாளிகள்.

‘நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்,
நீங்கள் குப்பியை மட்டும் தேடி வையுங்கள்’ என்று
சாவியை எடுத்தேன்.
காரில் ஸ்டெதஸ்கோப் விறைத்துக் கிடந்தது.
அதை நகர்த்திவிட்டு
குளிர்பெட்டிக்கு இடம் பண்ணினேன்.