நாலு மணிக் கட்டம்

ஜுபைலில், கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
எனக்கு இரவு வேலை.
மணிக்கு ஒரு தடவை
பதினோரு அழுத்தமானிகளின் முள்ளைப் பார்த்து
நோட்டில் கட்டம் நிரப்ப வேண்டும்.
முள் நடுங்கினால் எழுது என்பார் சூப்பர்வைசர்.
நாலு மணிக்கு என் கை நடுங்கும்.
அதற்குக் கட்டம் இல்லை.

குளிர் இல்லை அது. ஆகஸ்டில்
இங்கே இரும்புக் கைப்பிடி ராத்திரியிலும் சுடும்.
யாரோ அடுப்பை அணைத்துவிட்டு
வீட்டைப் பூட்டிக்கொண்டு போனதுபோல
உடம்பு உள்ளுக்குள் ஆறிப்போகும்.
கண் மட்டும் திறந்திருக்கும்.

ஆறேகாலுக்குக் கேம்ப் பஸ்.
பதினான்காம் அறை ஜன்னல் முழுக்க
அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறோம்,
நானும் சதக்கத்துல்லாவும்.
பகலை வெளியே நிறுத்திவைக்க
டேப்போடு சேர்த்து ஏழு ரியால்.
ஒரு மூலையில் ஊசித் துளை.
அதன் வழியே வரும் வெயில், மிளகளவு,
எதிர்ச்சுவரில் இறங்கி
என் முழங்காலைக் கடந்து
தரையில் செருப்பைத் தொடும்போது மணி பத்து.
அதை நான் பார்க்கிறேன் என்றால்
தூங்கவில்லை என்று அர்த்தம்.

மனைவி இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறாள்.
நான் எதற்குப் பின்னால் இருக்கிறேன் என்று தெரியாது.
தூங்கினீங்களா என்பாள்.
ஆமாம் என்பேன்.
பதினாறு வருஷக் கல்யாணத்தில்
நான் தினமும் சொல்லும் பொய் அது ஒன்றுதான்.

கிளினிக்கில்
சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு
காலையில் வா என்றார்கள்.
எது காலை என்று கேட்டேன்.
ஊசி பிடித்திருந்த ஜிஜிமோள் சிஸ்டர் சிரித்தார்.
டாக்டர் சிரிக்கவில்லை.
எகிப்துக்காரர். அரைகுறை இந்தியில் சொன்னார்:
தலைக்குள் ஒரு மணி இருக்கிறது,
அது வெளிச்சத்தை நம்பும், உன் கம்பெனியை நம்பாது.
ஈரலுக்குத் தனி மணி, கணையத்துக்குத் தனி மணி,
கடிகாரக் கடைச் சுவர் மாதிரி
உனக்குள் ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டுகிறது.

ராத்திரி இரண்டுக்கு நான் தின்னும் புரோட்டாவை
வாங்கிவைக்க உள்ளே ஆள் இல்லையாம்.
தூங்குகிற வீட்டின் கதவைத் தட்டும்
கூரியர்க்காரன் போல
அது ரத்தத்திலேயே நின்றுகொண்டிருக்குமாம்.

ரமலானில் ஒரு மாதம்
ஊரே என் ஷிப்டுக்கு வந்தது.
என் விடுமுறை இரவில் மணி இரண்டரைக்கு
தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விட்டார்கள்.
முடி வெட்டும் கடையில் வரிசை.
எனக்குப் பின்னால் நின்றவர் மணி கேட்டார்,
ஏதோ சாயங்காலம் போல.
பெருநாள் முடிந்ததும்
எல்லோரும் பகலுக்குத் திரும்பிவிட்டார்கள்,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

பின்வாசல் காவலர் இத்ரீஸ், சூடான்காரர்,
சேவல் ஒன்று வளர்க்கிறார்.
மதில்மேல் எரியும் ராட்சத விளக்குகளுக்குக் கீழே
அது பதினொன்றுக்குக் கூவும்.
ஒன்றரைக்குக் கூவும். மூன்றுக்கும்.
கோழி கூவித்தான் பொழுது விடியும் என்றால்
இங்கே ராத்திரிக்கு நாலு விடியல்.

போன வாரம்
பராமரிப்பு என்று மதில் விளக்குகளை அணைத்தார்கள்.
வந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாக
மேலே பொடிப்பொடியாக என்னவோ தெரிந்தது.
சேவல் வாயே திறக்கவில்லை.
பம்ப்புகளின் இரைச்சல்கூடத் தணிந்த மாதிரி.
எட்டாவது மானிக்குப் பக்கத்தில் சாய்ந்தேன்.
சாய்ந்தது வரை தெரியும்.

அது கூவியபோது
கிழக்கே கடல் உப்பு நிறத்தில் இருந்தது.
என் சட்டை காலர் எச்சிலில் நனைந்திருந்தது.
பதினோரு முள்ளும் அதது அதன் இடத்தில்.
சேவல் ஒரே ஒரு தடவைதான் கூவியது.

நாலு மணிக் கட்டம் காலி.
காரணம் கேட்டு மெமோ வந்திருக்கிறது,
எழுத இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
"இருட்டாக இருந்தது" என்று எழுதினேன்.
மிச்சம் ஒரு வரி இருக்கிறது.