வரிசை எண் 117

உறுதிமொழிக் குழு
காலை பத்தரைக்குக் கூடும் என்று கடிதம்.
பத்தே காலுக்கெல்லாம் ஆரோக்கியதாஸ்
பதினெட்டு நாற்காலிகளுக்கு முன்னால்
பதினெட்டுக் குவளை தண்ணீர் வைத்து
ஒவ்வொன்றையும் காகித வட்டத்தால் மூடிவிட்டார்.
கோட்டைக்குள் கடற்காற்று வரும்,
தூசியையும் கூட்டிக்கொண்டு.

என் இடம் தலைவருக்கு இடப்பக்கம்,
மேசையின் வளைவுக்கு வெளியே.
இரண்டு பென்சில், ஒரு கோடிட்ட ஏடு.
பேசுவது எல்லாம் என்னிடம் வரும்.
எனக்குப் பேச்சு கிடையாது.

பத்து ஐம்பதுக்குக் குறைவெண் நிறைந்தது.
இன்றைக்கு எண் 98 முதல் 161 வரை.
யாரோ ஓர் அமைச்சர் யாரோ ஓர் உறுப்பினருக்கு
கேள்வி நேரத்தில் எழுந்து நின்று சொன்னவை.
சொன்னவர்களில் பலர் இப்போது அமைச்சர் இல்லை.
கேட்டவர்களில் இருவர் இப்போது இல்லவே இல்லை.
சொன்ன சொல் மட்டும் ஆண்டுதோறும்
புது எண் போட்டு அச்சாகி வருகிறது.

சுருக்கெழுத்தில் பழகிய தொடருக்கு
ஒற்றைக் கோடு போதும்.
'பரிசீலனையில் உள்ளது' ஒரு சாய்ந்த கொக்கி.
'நிதி நிலைமைக்கேற்ப' அரைவட்டம்.
'ஆவன செய்யப்படும்' மட்டும்
இருபத்திரண்டு வருடத்தில் தேய்ந்து தேய்ந்து
கொசு உட்கார்ந்து எழுந்த அளவுக்குச் சிறுத்துவிட்டது.

98. கால்நடை மருந்தகம். கட்டிடம் முடிந்துவிட்டது.
மருத்துவர்?
அது வேறு துறை, ஐயா.
படித்துப் பதிவு செய்யப்பட்டது.

103. பாலத்துக்கு மண் பரிசோதனை நடக்கிறது.
உறுப்பினர் ரபியுன்னிஸா கண்ணாடியைக் கழற்றினார்:
"போன மீட்டிங்லயும் இதே மண்ணத்தானே
பரிசோதிச்சிட்டிருந்தீங்க?"
அதை எழுத்துத் தமிழாக்கி, அடைப்புக்குள்
சிரிப்பு என்று சேர்த்தேன்.
நிலுவையில் வைக்கப்பட்டது.

111 முடிந்ததும் தேநீர், மசால் வடை.
வடையைப் பற்றித் தலைவர் சொன்னது குறிப்பில் வராது.

117.
கொருக்குப்பேட்டை, ரயில் பாதைக்குக் கிழக்கே
மழைநீர் இறைக்கும் மோட்டார் நிலையம்.
முனை ஒடிந்தது.
இரண்டாவது பென்சிலை எடுத்தேன்.

செயற்பொறியாளர் பூவராகன் எழுந்து,
தற்போது அங்கே நீர் தேங்குவதில்லை என்பதால்
இவ்வுறுதிமொழியைக் கைவிடுவது குறித்து
குழு கனிவுடன் பரிசீலிக்கலாம் என்றார்.
கனிவுக்கும் ஒரு கொக்கி உண்டு.

"தேங்குறதே இல்லையா?"
"இல்லை ஐயா."
"எத்தனை வீடு இருக்கு அங்கே?"
கோப்பு புரளும் சத்தம்.
உதவிப் பொறியாளர் காதருகே குனிந்தார், நிமிர்ந்தார்.

நாற்பத்தொன்று.
பூட்டிக் கிடக்கும் ஜெபமாலை வீட்டைச் சேர்த்தால்
நாற்பத்திரண்டு.
ஐப்பசியில் எங்கள் கட்டில் நான்கு செங்கல் உயரும்,
தையில் இறங்கும்.
ஃபிரிட்ஜ் வருடம் முழுக்க மேசைமேல்தான்,
ஏற்றி இறக்க ஆளில்லை.
இன்று காலையும் கோட்டை நிலையத்தில்
சேலைக் கரையைப் பிழிந்துவிட்டுத்தான்
இந்த அறைக்கு வந்தேன்.

மௌனத்துக்குச் சுருக்கெழுத்தில் குறி இல்லை.
குவளை எடுக்க வந்த ஆரோக்கியதாஸ்
என் காலடித் தரையின் ஈரத்தைப் பார்த்தார்,
குடிநீர் சிந்தியது என்று நினைத்துத்
துணி கொண்டுவந்து துடைத்தார்.

தலைவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.
"கைவிட வேணாம். நாமளே போய்ப் பார்ப்போம்.
கள ஆய்வு போடுங்க."
தேதி பார்த்தார்கள்.
இந்த மாதம் கூட்டத்தொடர்.
அடுத்தது பண்டிகை.
மாசி முதல் வாரம் எல்லோருக்கும் ஒத்துவந்தது.

மாசியில் எங்கள் தெருவில்
பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், புழுதி பறக்க.

நிலுவை என்று எழுதினேன்.
அழுத்தியிருக்கிறேன் போல,
118 எழுதத் தாளைத் திருப்பினால்
அங்கேயும் பதிந்திருந்தது.

கள ஆய்வுக்குக் குழுவின் வேனில்
எனக்கு ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை.
வழி கேட்டால்
சொல்வதற்கு விதிகளில் தடையில்லை.