மூன்றரை எழுத்து

முதலில் வேகத்தைக் கேட்டாள் நிவால்டா சைரே,
பெயரை அல்ல.
ஒன்பதாயிரத்து அறுநூறா, பத்தொன்பதாயிரத்து இருநூறா?
வெளியே அத்தகாமாவின் உப்புக் காற்று
தகரக் கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
முழங்காலில் மடிக்கணினி. கருவிப்பெட்டியின் மேல்
பாதி தின்ற மரகெட்டா ரொட்டி.
சுவரில் புதிதாக அறைந்த கேட்வே, இரண்டு ஆன்டெனாவோடு,
வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பையனைப் போல
விறைப்பாக.

அடுத்தது ஒத்தையா ரெட்டையா.
பொத்திய கைக்குள் புளியங்கொட்டை வைத்துக் கேட்பதேதான்.
எட்டு பிட்டை எண்ணி அனுப்பிவிட்டு
ஒன்பதாவதாக ஒன்று, சாட்சிக்கு.
ரெட்டை என்றது கையேடு. ரெட்டை வைத்தாள்.
ஒரு கம்பெனியின் ஏ
இன்னொரு கம்பெனிக்கு பி என்பது
எந்தக் கையேட்டிலும் இல்லை.
முறுக்குக் கம்பி இரண்டையும் இடம் மாற்றிச் செருக
பச்சை விளக்கு துடித்தது.

ஒன்று? இருக்கிறேன்.
இரண்டு? இருக்கிறேன்.
மூன்று?

"மே கோப்பியா, நிவால்டா?"
நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கட்டுப்பாட்டு அறையிலிருந்து
எஃப்ராயின்.
"மூணு வரல."
"நாளைக்குப் பார்த்துக்கலாம், விடு."

மூன்று உப்புநீர்ப் பம்பு அல்ல.
மூன்று நல்லதண்ணீர்க் கிணறு.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் ஆழம்
ஊருக்கும் தெரிய வேண்டும் என்று
தண்ணீர்க் குழுவின் டெல்மா
ஆறு கூட்டத்தில் மேசையைத் தட்டி வாங்கிய எண்.

பேசி முடித்தாயா என்று
இந்தக் கம்பியில் முகம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.
மூன்றரை எழுத்து நேரம் கம்பி சும்மா கிடந்தால்
முடிந்தது என்று பொருள்.
கண்ணிமைப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை அது;
நம் மாத்திரைக் கணக்குக்கு அகப்படாது.
ஆனாலும் எண்ணிப் பார்க்கிறேன்.
மௌனம் போதாது, தொடக்கத்திலேயே ஔ குறுகிவிடுகிறது.
மோனம் சரியாக வருகிறது:
நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை.
தாகம் என்றாலும்
அதே மூன்றரைதான்.

அவள் எண்ணவில்லை. திரையில் வந்து விழும்
பச்சை பைட்டுகளைப் பார்த்தாள்.
ஊமை என்று நினைத்தது ஊமை இல்லை.
கசகசவென்று ஏதோ வருகிறது,
கூட்டிப் பார்க்கும் கணக்கு ஒவ்வொரு முறையும் உதைக்கிறது.
கிணற்றின் கம்பியைக் கழற்றினாள்.
கழற்றிய பிறகும்
"மூன்று?" என்ற கேள்விக்குப் பதில் வந்தது,
சுத்தமாக, பிழையில்லாமல்.

டார்ச்சோடு நடந்தாள். காலடியில் உப்பு நொறுங்கிற்று.
குளக்கரைக் கொட்டகையில்
நான்கு வருடமாகத் தனிக் கம்பியில்
தன்பாட்டுக்கு ஓடிய பழைய உப்புநீர்ப் பம்பு.
நேற்றுத்தான் அதையும் பொதுக் கம்பியில் சேர்த்தார்கள்.
பெட்டி மூடியில் மார்க்கரால் எழுதியிருந்தது: 3.
அந்த மூன்றின் தட்டைத் தலை
அவளுடைய கையெழுத்து.

உப்புநீரும் நல்லதண்ணீரும்
ஒரே பெயருக்கு ஏன் என்று கேட்டிருக்கின்றன,
இரண்டும் ஒரே நேரத்தில்.

யாரிடமும் சொல்லவில்லை.
மூன்றாவது குட்டி சுவிட்சை நகத்தால் மேலே தள்ளினாள்;
மூன்று ஏழாயிற்று.
மின்சாரத்தை நிறுத்திப் போட்டாள்.
மூடியில் மூன்றின் மேலேயே ஏழை எழுதினாள், அசிங்கமாக,
அடையாளம் தெரியாதபடி.

திரும்பி வந்து, கிணற்றின் கம்பியைச் செருகி,
மூன்று?

முப்பத்தொன்று புள்ளி ஆறு ஏழு மீட்டர்.

போன மாதம் நாடா இறக்கி அவளே அளந்தது
முப்பத்தொன்று நாற்பத்தைந்து.
ஒரு சாண்.

"கோப்பியா?" என்றான் எஃப்ராயின்.
பொத்தானில் கட்டைவிரலை வைத்தபடி நின்றாள்.
கேட்வே அதற்குள் ஒன்றிடம் போய்,
இரண்டிடம் போய்,
ஏழிடம் கேட்டுக்கொண்டிருந்தது.