புறப்பாடு: அதிகாலை 4.15

ஒக்டோபர் மாதத்துக்கு ஒரு பெயர் வேண்டுமென்றார் முதலாளி.
'இலையுதிர்காலக் கொண்டாட்டம்' என்று தட்டினேன்,
ஆமர் வீதியில், டயர்க் கடைக்கு மேலே,
மின்விசிறியைத் தவிர எதுவும் அசையாத அறையில்.

இந்தப் பக்கம் இலை உதிர்ப்பது ஒன்றுதான்:
பஸ் தரிப்பிடத்து வாதுமை.
அது மாதம் பார்ப்பதில்லை.
நினைத்த நாளில் ஒரு சிவப்பு இலையை
யாரோ ஒருவரின் ஹெல்மெட்டில் போட்டுவிட்டுச்
சும்மா நிற்கும்.

மூன்று நீர்வீழ்ச்சி, ஒரு காட்டு நடை,
கூடாரத்தில் ஓர் இரவு, தீ மூட்டிப் பாட்டு
(விறகுக்குத் தனிக் கட்டணம்).
உயரங்களை நான்தான் எழுதுவேன்,
பதினொரு வருடமாக, அடியிலும் மீற்றரிலும்.
அவிசாவளைக்கு அப்பால் நான் போனதில்லை.
அங்கேயும் ஒரு சாவீட்டுக்கு.

கணக்குப் பார்க்கும் சந்தனமேரி மஸ்கெலியாக்காரி.
உங்கள் நீர்வீழ்ச்சி எப்படியிருக்கும் என்று
ஒருநாள் கேட்டேன்.
"ராத்திரியில சத்தம் போடும்" என்றாள்.
கல்குலேட்டரில் நாலு எண் தட்டிய பிறகு,
"அது மெலிஞ்சா இங்க ஒங்களுக்குக் கரண்ட் போகும்."

சனி இரவு ஒன்பதரைக்குச் சிவப்பு அறிவித்தல்.
மண்சரிவு அபாயம், பாதை மூடல்.
இருபத்தாறு பேருக்குக் கோல் எடுத்தேன்.
எடுத்தவர்கள் பத்தொன்பது.
மீதி ஏழு பேருக்காக
குடையோடு நாலு மணிக்குப் போய் நின்றேன்.
பதினொரு பேர் வந்தார்கள்.
தெரிந்தும் வந்த நால்வரிடம்
ஏன் என்று கேட்க எனக்கு வரவில்லை.

துறைமுகத்தில் ஓய்வுபெற்ற இக்னேஷியஸ், கழுத்தில் தொலைநோக்கி.
இரவுக் கடமையை மாற்றி எடுத்துக்கொண்டு வந்த
பர்ஹானாவும் மூன்று தாதிமாரும்.
ஒரே நிறத்து மழைக்கோட்டில் புதுத் தம்பதி.
ஒரு தாய், அவள் கையில் தூங்கும் பையன்,
பின்னால் அவளுடைய தங்கைமார் இருவர்.
வானும் வந்தது. "டீசல் அடிச்சாச்சு, மிஸ்" என்றான் சுனில்,
அது ஒரு நியாயம் போல.

மழை இறங்கியது.
எல்லோரும் டயர்க் கடை வாசலில் ஒதுங்கினோம்.
எதிரே இரும்புக் கடையின் மூன்றாம் மாடியில்
பீலி உடைந்திருந்தது.
தண்ணீர் அங்கிருந்து நேராக விழுந்து
தகரத்தில் சிதறி, படியில் உருண்டு, காணுக்குள் போனது.
யாரும் அதைப் பார்க்கவில்லை,
சுனில் வானைத் திருப்பிப் பெரிய லைற்றைப் போடும் வரை.

வெள்ளை.
அப்படியொரு வெள்ளை.

பேச்சு நின்றது.
பையன் விழித்து, இறங்க வேண்டுமென்று அடம்பிடித்தான்.
இக்னேஷியஸ் தொலைநோக்கியைத் தூக்கி,
"முப்பத்தைந்து அடி, கூடினால் நாற்பது" என்றார்.
பழக்க தோஷம், பேனையைத் தேடினேன்.
தம்பதி அதற்கு முதுகு காட்டிப் படம் எடுத்தார்கள்.
பர்ஹானா பாணையும் முட்டைச் சம்பலையும் பிரித்தாள்.
டயர்களின் மேல் இருந்து சாப்பிட்டோம்,
ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, மூடி ஒன்றுதான்,
கைமாறிக் கைமாறி.

வெளிச்சம் வந்தபோது
அது உடைந்த பீலியாகிவிட்டது.
பணம் திருப்பும் படிவங்களைக் கொடுத்தேன்.
எட்டுப் பேர் நிரப்பினார்கள்.
ஒருவர் தன் படிவத்தில் பையனுக்குக் கப்பல் மடித்தார்.

திங்கள் காலை இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன்.
சந்தனமேரியும் சிரித்தாள்,
போனைக் காதிலிருந்து எடுக்காமலே.
லைன் கிடைக்கவில்லை என்றாள். நேற்றிலிருந்து.
அதுவரை நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தது.
மேலே பெய்ததெல்லாம் களனியில் இறங்கி
இப்படித்தான் இரண்டு நாள் கழித்து வரும்,
தெளியட்டும், பிறகு தேத்தண்ணி வைப்போம் என்றேன்.
அவள் வாளிக்குள் கையை விட்டு
அடியில் தங்கிய மண்ணைக் கொஞ்சம் அள்ளி
விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள்.
ஊற்றவும் இல்லை, கழுவவும் இல்லை.
மேசையில் அவளுடைய போன்
சார்ஜில் கிடந்தது.