மொழிபெயர்ப்பாளர் 4417

பெயர் சொல்லக்கூடாது. எண் மட்டும்.
யாரும் நுழையாத அறையில் இருக்கவேண்டும் என்பது விதி.
ஏஜாக்ஸில், என் வீட்டில்,
அது துணி துவைக்கும் அறை.
டிரையர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறேன்,
அடியில் இன்னும் சூடு.

போனின் அந்தப் பக்கம் டொராண்டோ.
ஷெர்போர்ன் தெருவில் ஒரு கிளினிக்,
கேட்ரியோனா என்றொரு நர்ஸ்,
இருபத்தாறு பக்கத் தாள்,
இருமுகிற ஒருவர்.

"நீங்கள் எந்த ஊர், அம்மா?"
பதில் சொல்லக்கூடாது.
வாய் திறந்ததுமே கரூர் வெளியே வந்துவிடுகிறது.
"இந்தியாவோ. நல்லது."
அவர் மூச்சு இறங்குவது கேட்கிறது.
ஸ்கார்பரோவில் அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும்
அவருடைய அக்காவுக்கும் தெரிந்தவர்கள்.

தொடங்கினோம்.
இது எச்.ஐ.வி. தடுப்பூசி, இன்னும் சோதனையில்.
கிருமி இதில் இல்லை, இதனால் நோய் வராது.
பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு உப்புத்தண்ணீர்.
யாருக்கு எது என்று குத்துகிற கைக்கும் தெரியாது.

பதினோராம் பக்கத்தில் நிறுத்தினார்.
ஊசிக்குப் பிறகு, சாதாரண ரத்தப் பரிசோதனை
இல்லாத நோயை இருக்கிறது என்று சொல்லக்கூடும்.
"அப்ப என்ர ரத்தமே எனக்கெதிராச் சாட்சி சொல்லுமோ?"
சொன்னேன். கேட்ரியோனா சிரிக்கவில்லை.
ரத்தம் படித்ததைக் காட்டும், அவ்வளவுதான்;
சரியாகப் பார்க்கிற பரிசோதனை எங்களிடம் உண்டு;
உங்களுக்கு ஓர் அட்டை தருவோம்.
"அட்டையோ. எந்த சென்றியில காட்டவேணும்?"
அந்தச் சொல் எனக்குப் பிடிபடவில்லை.
இரண்டு முறை கேட்டேன்.
மூன்றாம் முறை அவர் சொல்லவில்லை, "விடுங்கோ" என்றார்.

பிறகு நான் ஒப்புதல் என்றேன்.
எனக்கு அது வங்கி முத்திரை, ரேஷன் கடைக் கையெழுத்து.
தாள் புரளும் சத்தம் நின்றது.
"ஒப்புதலெண்டா வாக்குமூலம்தானே?
ஒருக்கா வைச்சனான்.
முழுக்கச் சிங்களம். ஒரு எழுத்தும் விளங்கேல்ல.
ஆறு வருசம்."

மொழிபெயர்ப்பாளர் தன் சொந்தச் சொல் சேர்க்கக்கூடாது.
சம்மதம் என்று மாற்றினேன்,
அதில் கல்யாண வாசனை அடித்தது.
இணக்கம் என்றேன், அரசாங்கக் கடிதம் மாதிரி இருந்தது.
கடைசியில், தப்பென்று தெரிந்தே, அகராதியை விட்டுவிட்டு,
"வேண்டாமென்றால் எழுந்து போகலாம்,
பாதியிலும் போகலாம், ஏன் என்று கேட்கமாட்டார்கள்,
அதைத்தான் இந்தத் தாள் சொல்கிறது" என்றேன்.
"அதைத் திருப்பிச் சொல்லுங்கோ."
சொன்னேன்.
"இன்னொருக்கா."

கையெழுத்துக்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டு,
புரிந்ததா என்று பார்க்க.
ஏழாவது கேள்வி:
இந்த ஊசி உங்களைக் காப்பாற்றுமா?
ஆம், இல்லை, தெரியாது.
வெகுநேரம் யோசித்தார்.
"தெரியாது."
சரியான விடை, என்றார் கேட்ரியோனா.
அவர் சிரித்தார், இருமல் வரும்வரை.
"இதே விடையைத்தான் அங்கயும் சொன்னனான், தங்கச்சி,
ஒவ்வொரு நாளும்."

தாளை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்.
ஒரு வாரம் வைத்திருங்கள், யாரிடமும் காட்டிக் கேளுங்கள்.
"வீட்டில ஒராள் இருக்கிறார். அவருக்கு ஒருக்கால் காட்டவேணும்."
ஆங்கிலத்தில் நான் இப்போது
அவரை ஆணாக்க வேண்டும், அல்லது பெண்ணாக்க வேண்டும்.
இரண்டும் செய்யவில்லை.
யாரோ ஒருவராகவே அந்தப் பக்கம் அனுப்பினேன்.
கேட்ரியோனாவும் அப்படியே வாங்கிக்கொண்டார்.

ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
வைத்தாரா கையெழுத்து, எனக்குத் தெரியாது.
டிரையர் ஆறிவிட்டது, உள்ளே மகனின் காலுறைகள்.
அடுத்த அழைப்பு வின்ட்சரிலிருந்து,
தண்ணீர்க் கட்டணத் தகராறு.