இரண்டாம் வால்வு

பதினெட்டு வருஷமாக
சத்துவாச்சாரியில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரே
பிய்ந்த குடைக்கடியில் எனக்கு ஒரே வேலை:
சேசிஸ் நம்பர் மேல் வெள்ளைத்தாள் வைத்து
பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்ப்பது.
துருவோ கிரீஸோ, எண் எழும்பி வரும்.
வண்டிக்காரர் சொல்லும் வருஷத்தை
நான் காதில் வாங்குவதில்லை.

அக்னி நட்சத்திரம் பிறந்த மூன்றாம் நாள்
மொபெட்டில், பெட்ஷீட் சுற்றிய
பிள்ளைபோல் ஒன்றைக் கட்டிக்கொண்டு
வந்து நின்றார் பேண்டு செட் எபிநேசர்.
அவிழ்த்தால் யூஃபோனியம்.

"இதுக்கும் எஃப்.சி. பார்க்கணுமாண்ணே?"

"நம்பர் படிக்கணும்மா.
பெங்களூர் ஆள் ஒருத்தர் கேக்கறார்.
வருஷம் தெரிஞ்சாத்தான் விலை பேசுவாராம்."

செய்த கம்பெனி லண்டனில் மூடி நாளாகிவிட்டதாம்.
மிச்சமிருப்பது ஒரு ஜெராக்ஸ் தாள்:
இந்த எண் முதல் இந்த எண்வரை இந்த வருஷம்.
நடுவில் மூன்று வருஷங்களுக்கு நேரே
வெறும் கோடு.
பித்தளை குண்டுக்குப் போயிருக்கலாம்.
கணக்கு எழுதியவனும் போயிருக்கலாம்.

எபிநேசர் மாமனாரின் அப்பா
பஸ்ரா சண்டையில் இதைச் சுமந்து நடந்தவராம்.
கப்பலேறி, ரயிலேறி, காட்பாடியில் இறங்கி
அன்று முதல்
ஒரு கல்யாணம் ஒரு சாவு விட்டதில்லையாம்.
சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது.
நான் பென்சில் சீவுகிறேன்.

ஐந்து இலக்கம். நான்கு தெளிவு.
இரண்டாவது மட்டும்
மூன்றா, எட்டா?
மூன்று என்றால் பதினொன்றாம் வருஷம்,
பஸ்ராவுக்குப் போக நேரமிருக்கிறது.
எட்டு என்றால் முப்பத்தாறு,
சண்டை முடிந்து பதினெட்டு வருஷம் கழித்துப்
பிறந்த குழாய்.

தேய்த்தேன். வளைவில் தாள் வழுக்கியது.
ஞாயிறுதோறும் பிராஸோ போட்டுப் போட்டு
பக்தியோடு அழித்திருக்கிறார்கள்
அந்த எண்ணின் இடதுபக்கத்தை.
மூன்று தாள் கறுத்ததுதான் மிச்சம்.

அப்போது தோன்றியது:
சேசிஸ் மழுப்பினால் எஞ்சினைப் பார்.

"வால்வைக் கழட்டுங்கண்ணே."

முதல் வால்வு. எண்ணெய் துடைத்தால்
ஊசி குத்தியதுபோல் எட்டு.
மூன்றாவதிலும் அதே எண், அதே எட்டு.
எபிநேசர் முகத்தை நான் பார்க்கவில்லை.
ஷேர் ஆட்டோ ஒன்று
தேவையில்லாமல் ஹாரன் அடித்துப் போனது.

இரண்டாவதை அவரே துடைத்தார், சட்டை நுனியால்.
வேறு எண்.
முழுக்க முழுக்க வேறு எண்.
தாளில் விரல் வைத்து மேலே மேலே போனேன்.
பதின்மூன்று.

எந்த ராத்திரியோ
எந்தச் சாவு முடிந்த கையோடோ
இரண்டு யூஃபோனியத்தை ஒரே அண்டாவில்
புளி போட்டுக் கழுவி
அரைத் தூக்கத்தில் மாற்றிச் சொருகியிருக்கிறார்கள்.
இதன் சொந்த வால்வு
ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ
வேறொருவர் நடுவிரலுக்கு அடியில்
இன்றைக்கும் ஏறி இறங்குகிறதோ என்னவோ.

பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டார்.
ஸ்பீக்கரில் கேட்டது:
"எண் பொருந்தவில்லை என்றால்
பாதி விலைதான் சார்."

"மூணுல ஒண்ணு பஸ்ராவுக்குப் போயிருக்கு சார்.
அதுக்குத் தனியா எவ்வளவு?"

அந்தப் பக்கம் சிரிப்பு. இவர் சிரிக்கவில்லை.

வால்வுகளைப் பூட்டி, தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவர்போல
உதட்டை நனைத்துக்கொண்டு
நடுவிரலை மட்டும் அழுத்தி ஊதினார்.
அரைச் சுரம் இறங்கி
கொஞ்சம் கசிந்தது காற்று, உஸ்ஸென்று.
எஃப்.சி. வரிசையில் நின்ற டிரைவர்கள்
யாருக்கு என்ன ஆச்சு என்று திரும்பினார்கள்.

வீட்டுக் கதை பொய்யில்லை.
இரண்டாம் வால்வு அளவுக்கு உண்மை.
இதை நான் சொல்லவில்லை. என் வேலை எண் மட்டும்.

"என்ன வருஷம்மா எழுதறே?"

இரண்டையும் எழுதினேன்.
ஒன்றின் மேல் ஒன்றாக,
நடுவில் கோடு போடாமல்.

இருபது ரூபாய் கொடுத்தார். பத்து போதுமென்றேன்.
தாளை மடித்து மணிக்கிண்ணத்துக்குள் போட்டு,
நாலு மணிக்கு அல்லாபுரத்தில் கல்யாண ஊர்வலமென்று
மொபெட்டை உதைத்தார்.

அடுத்து ஒரு மினி லாரி.
பதினைந்தாம் வருஷ வண்டியாம்.
பார்க்கலாம்.